கீழ்த்தாடை என்பின் பெயர்களெல்லாம் மனனம், கையில் எடுத்தால் தடுமாற்றம்: எப்படிப் படிப்பது?

கேள்வி
பதிவிட்டவர்: கோணமலை மாணவி

வணக்கம். நான் பேராதனையில் பல் மருத்துவம் கற்கும் மாணவி. சொந்த ஊர் திருகோணமலை. விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் இவ்வேளையில் தலை, கழுத்துப் பகுதியின் உடற்கூற்றியலை மீட்டுக்கொண்டிருக்கிறேன். கீழ்த்தாடை என்பிலுள்ள மேடு, பள்ளம், துவாரம் ஒவ்வொன்றின் பெயரையும் என்னால் ஒப்புவிக்க முடிகிறது. ஆனால் வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் என்பைக் கையில் தந்து, பென்சில் முனையை ஓரிடத்தில் வைத்து, "இங்கே எது ஒட்டியிருக்கிறது? நாளைக்கு நோயாளியின் வாயைத் திறக்கும்போது இது உமக்கு எதற்குப் பயன்படும்?" என்று கேட்டால் பதில் வருவதில்லை.

குறிப்பாக, தாடையின் பின்னே மேலெழும் பகுதியான ரேமஸின் உட்பக்கத்தில், கீழ்ப்பற்களுக்கான நரம்பு நுழையும் துவாரமான மன்டிபியூலர் போரமென் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதில் பெருங்குழப்பம். ஒரு நூல் கடிதளத்தின், அதாவது பற்கள் கடிக்கும் பரப்பின், மட்டத்தில் என்கிறது. இன்னொன்று அதற்கு மேலே என்கிறது. வேறொன்று கீழே என்கிறது. உட்பக்கமாகச் சரிந்து ஓடும் மைலோஹையொயிட் கோட்டுக்கு எல்லோரும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பதும் புரியவில்லை. வீட்டில் என்னிடம் இருப்பது ஒரு பிளாஸ்ரிக் மாதிரி மட்டுமே. மூத்தவர்கள் யாராவது, இந்த என்பை நீங்கள் மனத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


பதில்
பதிவிட்டவர்: திருமலைப் பல்வைத்தியர்

தங்கச்சி, என்பைப் படிக்கும்போது ஒரு கையில் மாதிரியை வைத்துக்கொண்டு மற்றக் கையின் விரலை உங்கள் சொந்த வாய்க்குள் வையுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒன்றைச் சார்ந்ததுதான். இந்த என்பிலுள்ள கோடுகளும் மேடுகளும் ஒரு தசை இழுத்த இடமாகவோ, ஒரு நரம்போ நாடியோ கடந்துபோன தடமாகவோ, பற்களின் பாரத்தைத் தாங்குவதற்கு என்பு தடித்த இடமாகவோ இருக்கும். அந்தக் காரணத்தோடு சேர்த்துப் படித்தால் பெயர் தானாகவே நினைவில் நிற்கும். பெயரை மட்டும் படித்தால் பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே அது போய்விடும்.

முதலில் என்பை உடலில் இருக்கும் நிலையில் பிடிக்கப் பழகுங்கள். மோவாய் முன்னே, பற்குழிகள் மேலே, கீழ்விளிம்பு ஏறத்தாழக் கிடையாக இருக்கட்டும். பாதித் தாடையைத் தந்து வலமா இடமா என்று கேட்டால், மைலோஹையொயிட் கோடும் மன்டிபியூலர் போரமெனும் உள்ள பக்கம் நாக்கை நோக்கிய பக்கம் என்பதை வைத்து ஒரு நொடியில் சொல்லிவிடலாம். உடைந்து ரேமஸ் மட்டும் எஞ்சியிருந்தாலும், தாடைமூட்டில் அமரும் குமிழான கொண்டைலின் உட்புற முனை ரேமஸின் தளத்தைத் தாண்டி உள்ளே நீண்டு நிற்பதும், அதன் கழுத்தின் முன் உட்பக்கத்தில் பக்க டெரிகொயிட் தசை ஒட்டும் சிறு பள்ளம் இருப்பதும் உங்களுக்கு வழிகாட்டும்.

இனி விரலுக்கு வருவோம். கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, இடது பெருவிரலை வலப்பக்கக் கீழ்க் கடைசிப் பல்லின் கன்னப்புறமாக வைத்து மெதுவாகப் பின்னே நகர்த்துங்கள். தடித்த ஒரு விளிம்பு விரலில் தட்டுப்படும். அது வெளிச் சரிவுக்கோடு. அது மேலேறி ரேமஸின் முன்விளிம்பாக மாறுகிறது. அந்த முன்விளிம்பில் விரல் வந்து அமர்ந்துகொள்ளும் ஆழமான வளைவைத்தான் கொரோனொயிட் நொட்ச் என்கிறோம். அதற்கு மேலே கொரோனொயிட் முனையில் டெம்பொராலிஸ் தசை ஒட்டுகிறது. அதன் நார்கள் முன்விளிம்பு வழியாகக் கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்பகுதி வரை இறங்கி வருகின்றன. பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள், அந்தத் தசைநாண் இறுகுவதை உணர்வீர்கள். அதே வேளையில் கன்னத்தின் வெளிப்புறத்தில் இன்னொரு விரலை வைத்தால் மசீற்றர் தசை திரண்டெழுவது தெரியும். அது ரேமஸின் வெளிப்பக்கம் முழுவதையும் தனதாக்கிக்கொண்ட தசை. அதற்கு நேர் எதிரே, உட்பக்கத்தில், தாடைக்கோணத்தின் அருகிலுள்ள கரடுமுரடான பரப்பில் உள் டெரிகொயிட் ஒட்டுகிறது. இவ்விரண்டும் தாடைக்கோணத்தை இருபுறமும் ஏந்திப் பிடித்திருக்கின்றன. கோணத்தில் என்பு முறிந்தால் பின்துண்டு மேல்நோக்கி இழுபடுவது இவற்றாலும் டெம்பொராலிஸாலும்தான்.

இப்போது உங்களைக் குழப்பிய உயரம். இரு வேறு உயரங்கள் இங்கே ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. ஒன்று, என்பில் துவாரம் இருக்கும் உயரம். மற்றது, விறைப்பூசி போடும்போது ஊசிமுனை சென்றடைய வேண்டிய உயரம். கீழ்ப்பற்குழி நரம்பு மேலிருந்து இறங்கி வந்து துவாரத்துக்குள் நுழைகிறது. அது நுழைவதற்கு முன்னரே அதனை நாம் சந்திக்க வேண்டும். ஆகவே ஊசியின் இலக்குத் துவாரத்துக்குச் சற்று மேலேதான். வளர்ந்தவர்களில் கீழ்ப்பற்களின் கடிதளத்திலிருந்து 6 முதல் 10 மில்லிமீற்றர் மேலே என்று கற்பிக்கப்படுவது ஊசிக்குரிய உயரமே. துவாரத்தின் உயரமோ ஆளுக்காள் மாறும், வயதோடும் மாறும். கடிதளம் என்பது பற்கள் இருந்தால் மட்டுமே உள்ள அடையாளம் என்பதையும் மறக்கக்கூடாது. பற்கள் தேய்ந்தோ விழுந்தோ போனவரிடம் அந்த அளவுகோலே இல்லை. அதனால்தான் பெருவிரல் அமரும் கொரோனொயிட் நொட்சை நம்பும்படி சொல்கிறோம். அது பற்களோடு போய்விடுவதில்லை.

மாதிரியில் லிங்குலாவைப் பாருங்கள். துவாரத்தின் முன்விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு என்புத்தகடு அது. ஸ்பீனாய்டு என்பிலிருந்து இறங்கும் ஸ்பீனோமன்டிபியூலர் பிணையம் அதில் ஒட்டியிருக்கிறது. ஊசி தாழ்வாகப் போனால் மருந்து துவாரத்துக்குக் கீழே தேங்கி நரம்பை எட்டாமல் போகும். உதடு விறைக்கவில்லை என்று நோயாளி சொல்லும் சந்தர்ப்பங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஊசி எதிர்ப்புறத்து முன்கடைவாய்ப்பற்களின் மேலாகச் செல்லும்போது, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிமீற்றர் ஆழத்தில் என்பைத் தொடும். அதற்கு வெகு முன்னதாகவே என்பு தட்டினால் முனை ரேமஸில் மிக முன்னே இருக்கிறது என்று பொருள். ஆழமாகச் சென்றும் என்பு தட்டாவிட்டால் முனை பின்னே போய்க்கொண்டிருக்கிறது. அந்நிலையில் மருந்தைச் செலுத்தவே கூடாது. ரேமஸின் பின்விளிம்பைத் தாண்டினால் அங்கே பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியும் அதற்குள் முகநரம்பும் இருக்கின்றன. மருந்து அங்கே போனால் அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாமல் நோயாளி பதறிப்போவார். மருந்தின் வேகம் தணியச் செயல் திரும்பிவிடும் என்றாலும் அந்தச் சில மணி நேரம் அவருக்குப் பெருந்துன்பம்.

எங்கள் மாவட்டத்தில் வேலை செய்ய வந்தீர்களானால் இன்னொன்றும் தேவைப்படும். வெற்றிலையோடு பாக்கை நெடுங்காலம் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துவிடுகிறது. இரண்டு விரல்கூட நுழையாத வாயில் நான் மேலே சொன்ன வழியால் ஊசி போட இயலாது. அங்கே வாயை மூடியபடியே, மேற்கடைவாய்ப்பற்களின் முரசு (ஈறு) விளிம்புக்கு இணையாக, ரேமஸின் உட்பக்கத்துக்கும் மேல்தாடைக்கும் இடையே ஊசியைச் செலுத்தும் வசிரானி–அக்கினோசி முறை கைகொடுக்கும். அக்கினோசி இதனை 1977இல் விவரித்தார். இம்முறையில் என்பு தட்டும் என்ற அடையாளம் கிடைக்காது. ரேமஸின் உட்பக்கத்தை மனக்கண்ணால் பார்க்கத் தெரிந்தவரே இதனைத் துணிந்து செய்யலாம்.


பதில்
பதிவிட்டவர்: வெளிச்சவீடு

நான் வாய், முகத்தாடைச் சத்திரசிகிச்சைத் துறையில் பயிற்சி பெறுபவன். மேலே டொக்டர் சொன்னவற்றோடு மைலோஹையொயிட் கோட்டைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்த என்பில் ஒரு மனித உயிரோடு நேரடியாகத் தொடர்புபட்ட கோடு இதுதான் என்பது என் எண்ணம்.

மாதிரியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்றாம் கடைவாய்ப்பல்லின் அருகே உயரத்தில் தொடங்கும் இக்கோடு முன்னோக்கி வரவரத் தாழ்ந்து மோவாயின் நடுப்பகுதியை அடைகிறது. இதிலிருந்து மைலோஹையொயிட் தசை புறப்பட்டு மறுபக்கத்துத் தசையோடு நடுவில் இணைந்து வாயின் அடித்தளமாக அமைகிறது. கோட்டுக்கு மேலே முன்பக்கமாக உள்ள ஆழமற்ற பள்ளம் நாக்குக்குக் கீழுள்ள சுரப்பிக்கு. கோட்டுக்குக் கீழே பின்பக்கமாக உள்ள பள்ளம் தாடைக்குக் கீழுள்ள சுரப்பிக்கு. இவ்வளவும் நீங்கள் படித்ததுதான். இப்போது பற்களின் வேர்முனைகளை இக்கோட்டோடு ஒப்பிடுங்கள். கோடு சரிந்து ஓடுவதால், முன்கடைவாய்ப்பற்களினதும் முதற் கடைவாய்ப்பல்லினதும் வேர்முனைகள் பொதுவாகக் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்முனைகள் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன.

ஆகவே முதற் கடைவாய்ப்பல்லின் வேர்முனையில் கட்டிய சீழ் உட்பக்கத் தகட்டைத் துளைத்தால் நாக்குக்கு அடியில் வீங்கும். நோயாளி வாயைத் திறந்ததும் நமக்கு அது தெரியும். இரண்டாம் அல்லது மூன்றாம் பல்லிலிருந்து துளைத்தாலோ அது தசைக்குக் கீழே, கழுத்தின் பக்கமாக, தாடைக்கு அடியில் வீங்கும். இவ்விரு இடைவெளிகளும் மைலோஹையொயிட் தசையின் பின்விளிம்பைச் சுற்றி ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. தொற்று இருபுறமும், மேலும் கீழும், மோவாயின் அடியிலும் பரவிவிட்டால் அதுதான் ஜேர்மன் வைத்தியரான வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபொன் லுட்விக் 1836இல் விவரித்த, அவர் பெயராலேயே இன்றும் அழைக்கப்படும் நிலை. வாயின் அடித்தளம் பலகையாக இறுகி, நாக்கு மேலேயும் பின்னேயும் தள்ளப்பட்டு, எச்சிலை விழுங்க முடியாமல், மல்லாந்து படுக்க முடியாமல் ஒருவர் முன்னே குனிந்து உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் அவரது மூச்சுவழியைப் பற்றித்தான் நாம் முதலில் நினைக்க வேண்டும், பல்லைப் பற்றி அல்ல. கடைவாய்ப்பல் வலிக்கு மாத்திரை வாங்கிப் போட்டு நாட்களைக் கடத்தும் மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்வது நம் கடமை. "தாடைக்குக் கீழே வீங்குகிறதா, விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா, அப்படியானால் விடியும்வரை பொறுக்காமல் வைத்தியசாலைக்கு வாருங்கள்" என்று நான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லி அனுப்புகிறேன்.

ஞானப்பல்லின் உட்பக்கத்தையும் அதே வேளையில் கவனியுங்கள். கன்னப்புறத்தில் வெளிச் சரிவுக்கோட்டால் என்பு தடித்திருக்க, நாக்குப்புறத்தில் தகடு மெல்லியதாக இருக்கும். கீழ்க்கடைவாய்ப்பற்களுக்குப் பக்கத்தில் மட்டும் ஊசி போட்டால் வளர்ந்தவர்களில் போதாமல் போவதற்குக் கன்னப்புறத்து அடர்ந்த என்பு காரணம். உடைந்த வேர்த்துண்டு உட்பக்கத் தகட்டைத் துளைத்துத் தாடையின் கீழ் இடைவெளிக்குள் நழுவிவிடுவதற்கு நாக்குப்புறத்து மெல்லிய என்பு காரணம். நாக்கு நரம்பு அந்தத் தகட்டை ஒட்டியே போகிறது. சிலரில் தகட்டின் மேல்விளிம்பு மட்டத்திலேயே கிடக்கிறது. அதனால் முரசை விலக்கும்போது நாக்குப்புறம் செல்லாமல் கன்னப்புறமாகவே அணுகும்படி கற்பிக்கிறோம். வேருக்கும் நரம்பு ஓடும் தாடைக் கால்வாய்க்கும் உள்ள நெருக்கத்தை எக்ஸ்றே படத்தில் மதிப்பிடுவதற்கு ரூட், ஷெஹாப் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வின் அடையாளங்கள் இன்றும் பயன்படுகின்றன. வேர் கால்வாயைக் கடக்கும் இடத்தில் கறுத்துத் தெரிவது, கால்வாயின் வெண்கோடு அறுந்து தெரிவது, கால்வாய் திடீரெனத் திசை மாறுவது ஆகிய மூன்றும் அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நோயாளியிடம் உதடு மரத்துப்போகக்கூடிய அபாயத்தை முன்கூட்டியே விளக்கிவிட வேண்டும்.

முறிவுகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வளையல் உடைந்தால் ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது, கீழ்த்தாடையும் அப்படித்தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தாடையின் கிடைப்பகுதியான உடற்பகுதி வலப்பக்கத்தில் முறிந்து வருபவரிடம் இடப்பக்கக் கொண்டைலின் கழுத்தைத் தேடிப் பாருங்கள். மோவாய் நிலத்தில் மோதியிருந்தால் இரு கொண்டைல்களையும் தேடுங்கள். மோவாயின் இருபுறமும் முறிந்து நடுத்துண்டு தளர்ந்துபோனால், அதன் உட்பக்க முடிச்சுகளில் ஒட்டியுள்ள ஜெனியோகுளொசஸ், ஜெனியோஹையொயிட் தசைகள் அதனைப் பின்னே இழுக்க, நாக்கும் கூடவே பின்சென்று மூச்சை அடைக்கலாம்.


பதில்
பதிவிட்டவர்: பாடசாலைப் பற்சிகிச்சையாளர்

நான் பிள்ளைகளோடு வேலை செய்பவள் என்பதால், மேலே சொல்லப்பட்ட 6 முதல் 10 மில்லிமீற்றர் என்ற அளவை மாணவி பிள்ளைகளுக்கும் பொருத்திவிடக் கூடாது என்ற கவலையில் இதனை எழுதுகிறேன். டொக்டர் வளர்ந்தவர்கள் என்று தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் பிள்ளையின் தாடையைச் சிறிதாக்கப்பட்ட பெரியவரின் தாடை என்று எண்ணுவது மாணவர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். பால்பற்கள் மட்டும் உள்ள பிள்ளையில் மன்டிபியூலர் போரமென் கடிதளத்துக்குக் கீழேயே இருக்கும். பிள்ளை வளர வளரக் கடிதளத்தை எட்டிப் பின்னர் அதைத் தாண்டி மேலே செல்கிறது. எனவே சிறு பிள்ளைக்கு ஊசியைத் தாழ்த்திக் கொண்டுபோக வேண்டும். ரேமஸ் முன்பின்னாகக் குறுகியிருப்பதால் ஆழமும் குறைவு. நீங்கள் வாசித்த மூன்று நூல்களும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு வயதைப் பற்றிப் பேசியிருக்கக்கூடும்.

இதற்குக் காரணம் தாடை வளரும் விதம். ரேமஸின் பின்விளிம்பில் புதிய என்பு படிந்துகொண்டே போகிறது. முன்விளிம்பில் இருக்கும் என்பு கரைந்துகொண்டே போகிறது. ஆகவே ரேமஸ் முழுவதும் மெல்லமெல்லப் பின்னே நகர, முன்னே விடுபடும் இடத்தில் கடைவாய்ப்பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பிடிக்கின்றன. இதனைப் பிரித்தானியச் சத்திரசிகிச்சையாளர் ஜோன் ஹன்ரர் 18ஆம் நூற்றாண்டிலேயே விளக்கினார். ஆறு வயதில் முதற் கடைவாய்ப்பல்லும் பன்னிரண்டு வயதளவில் இரண்டாவதும் முளைக்கும்போது இடம் கிடைத்துவிடுகிறது. பதினெட்டைத் தாண்டி வரும் ஞானப்பல்லுக்கு இடம் போதாவிட்டால் அது ரேமஸின் அடியில் சாய்ந்து சிக்கிக்கொள்கிறது. தாடைக்கோணமும் இதே வளர்ச்சியோடு மாறுகிறது: பிறந்த குழந்தையில் மிகவும் விரிந்திருக்கும் அது, வளர்ந்தவரில் ஏறத்தாழ 110 முதல் 120 பாகையாகக் குறுகுகிறது.

கருவில் ஆறாம் வாரமளவில், காறை என்புக்கு அடுத்ததாக உடலில் என்பாகத் தொடங்குவது இந்தத் தாடைதான். முதலாம் தொண்டை வளைவின் மெக்கல் கசியிழையத்தின் (குருத்தெலும்பின்) வெளிப்புறத்தில், மென்சவ்வுக்குள்ளேயே அது என்பாகிறது. பிறக்கும்போது இரண்டு பாதிகளாகவே இருந்து, முதலாவது ஆண்டில் மோவாயில் ஒன்றாகிறது. கொண்டைலின் கசியிழையம் மட்டும் வளர்பருவம் முடியும்வரை தொடர்ந்து வேலை செய்கிறது. அதனால் சறுக்கி விழுந்து மோவாயில் காயத்தோடு வரும் பிள்ளையை, காயத்தைத் தைத்துவிட்டு அனுப்பிவிடுவதை ஏற்கவே முடியாது. காதின் முன்னே விரல்களை வைத்து வாயைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள். கொண்டைலின் முறிவு கவனிக்கப்படாமல் போனால் மூட்டு இறுகி, அந்தப் பக்கத் தாடை வளராமல், முகம் ஒருபுறம் கோணிப்போகும். பெற்றோருக்கு இதைச் சொல்லாமல் விடக்கூடாது.


பதில்
பதிவிட்டவர்: கட்டுப்பல் பிரிவு

பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார்கள். முதியவர்களைப் பற்றி நான் சொல்கிறேன். பற்கள் போன பின் பற்குழிப் பகுதி என்பு வருடத்துக்கு வருடம் கரைகிறது. அடிப்பகுதி என்பு மட்டும் எஞ்சுகிறது. வளர்ந்தவரில் முன்கடைவாய்ப்பற்களுக்குக் கீழே, உடற்பகுதியின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நடுவில் இருந்த மென்டல் போரமென் (கீழுதட்டுக்கான நரம்பு வெளிவரும் துவாரம்), அசையாமல் தன் இடத்திலேயே இருக்க, மேல்விளிம்பு அதை நோக்கி இறங்கி வந்துவிடுகிறது. துவாரம் மேலேறுகிறது என்று சொல்லும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே இருந்த என்புதான் போய்விட்டது.

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வயோதிபத் தாயார் புதுக் கட்டுப்பல்லோடு வந்து, சோறு மெல்லும்போது கீழுதட்டில் மின்சாரம் அடிக்கிறது என்று முறையிட்டார். முரசில் புண் எதுவும் இல்லை. வலப்பக்க முன்கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் விரல்நுனியால் மெதுவாக அழுத்தியதும் அதே மின்னல் உதட்டுக்கு ஓடியது. கட்டுப்பல்லின் உட்பரப்பில் அந்த இடத்துக்கு நேரே சிறு பள்ளம் தோண்டிக் கொடுத்ததும் துன்பம் நீங்கியது. இதே தாடையில் உட்பக்கத்து மைலோஹையொயிட் கோடு கூரான விளிம்பாக நின்று மெல்லிய முரசைக் குத்தும். மோவாயின் உட்பக்க முடிச்சுகள் மேல்விளிம்பின் மட்டத்துக்கே வந்துவிடும். முதியவரின் தாடை மாதிரி கல்லூரியில் இருந்தால், இளையவரின் தாடையோடு அருகருகே வைத்துப் பாருங்கள்; ஒரு மணி நேர விரிவுரைக்கு ஈடாகும்.


பதிவிட்டவர்: கோணமலை மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முழுவதும் மாதிரியும் விரலுமாகவே இருந்தேன். வெளிச் சரிவுக்கோடு ரேமஸாக மாறும் இடத்தையும், மசீற்றரின் முன்விளிம்பில் கீழ்விளிம்பைக் கடந்து போகும் முகநாடியின் துடிப்பையும் கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவின் தாடையிலும் தம்பியின் தாடையிலும்கூடப் பார்த்தேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மூத்த மாணவர்கள், உதடு நன்றாக விறைத்த பின்னும் முதற் கடைவாய்ப்பல்லைத் தொட்டால் நோயாளி வலிக்கிறது என்கிறார் என்று சொல்கிறார்கள். கீழ்ப்பற்குழி நரம்பு முழுவதும் தடைப்பட்டிருந்தால் இது எப்படி நேர்கிறது? என் மாதிரியில் துவாரத்திலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து ஓடும் ஒரு மெல்லிய தவாளிப்பு இருக்கிறது. இதுவும் நரம்பின் தடம்தானா? அடுத்தது, முன்கடைவாய்ப்பல்லின் வேர்முனையில் எக்ஸ்றேயில் கறுப்பாகத் தெரிவது நோயா மென்டல் போரமெனா என்பதை எப்படிப் பிரித்தறிவது?


பதில்
பதிவிட்டவர்: திருமலைப் பல்வைத்தியர்

நீங்கள் கண்ட தவாளிப்புத்தான் உங்கள் முதற் கேள்விக்கு விடை. அது மைலோஹையொயிட் தசைக்குச் செல்லும் நரம்பின் தடம். கீழ்ப்பற்குழி நரம்பு துவாரத்துக்குள் நுழைவதற்கு முன்னரே இந்தக் கிளை பிரிந்துவிடுகிறது. பின்னர் என்புக்கு உள்ளே போகாமல் உட்பக்கத்தை ஒட்டியபடியே கீழே இறங்கி மைலோஹையொயிட் தசைக்கும் டைகாஸ்ரிக் தசையின் முன்வயிற்றுக்கும் செல்கிறது. தசைகளை இயக்குவதே அதன் முதன்மைப் பணி. ஆயினும் சிலரில் உணர்வு நார்களும் அதனோடு வந்து, உட்பக்கத்துச் சிறு துளைகள் வழியாக என்புக்குள் நுழைந்து கீழ்ப்பற்களுக்கு, பெரும்பாலும் முதற் கடைவாய்ப்பல்லுக்கு, உணர்வைத் தருகின்றன. கிளை உயரத்திலேயே பிரிந்துவிட்டால் வழக்கமான ஊசி அதை எட்டாது. உதடு விறைத்திருப்பது மென்டல் கிளை விறைத்ததற்குச் சான்று. பல்லின் ஒவ்வொரு நாரும் விறைத்ததற்குச் சான்று அல்ல. இப்படியான வேளையில் அந்தப் பல்லுக்கு அடுத்து பின்னேயுள்ள பல்லின் வேர்முனை மட்டத்தில், நாக்குப்புறமாகச் சிறிதளவு மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல்லைச் சுற்றியுள்ள இணைப்பிழையத்துக்குள் கொடுப்பதும் ஒரு வழி. அதே ஊசியை அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவதால் நோயாளிக்குத் தசை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதே மிச்சம். நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது. விறைத்துவிட்டதே என்று அவரோடு வாதிடும் வழக்கத்தை இப்போதிருந்தே விலக்கிவிடுங்கள்.

எக்ஸ்றே பற்றிய கேள்வி மிக அவசியமானது, ஏனெனில் அதில் தவறினால் நல்ல பல் ஒன்றுக்கு வீணாக வேர்ச்சிகிச்சை செய்யப்பட்டுவிடும். வேரைச் சுற்றியுள்ள வெண்கோடு, அதாவது பற்குழியின் உட்சுவர், அறுபடாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். நோயானால் வேர்முனையில் அது மறைந்திருக்கும். மென்டல் போரமென் வேர்முனையின் மேல் படிந்து தெரிந்தால் கறுப்பின் ஊடாகவும் வெண்கோடு தெரியும். பின்னர் படக்கோணத்தை முன்னே அல்லது பின்னே சற்று மாற்றி இன்னொரு படம் எடுங்கள். துவாரம் கன்னப்புறத்தில் இருப்பதால் அதன் நிழல் வேர்முனையை விட்டு விலகிவிடும். நோயின் நிழல் வேரோடு ஒட்டியே நிற்கும். இவ்விரண்டுக்கும் மேலாக, பல்லைக் குளிரால் தொட்டு அதன் உயிர்த்தன்மையைச் சோதியுங்கள். சொத்தையோ அடியோ படாத, குளிருக்கு இயல்பாகப் பதிலளிக்கும் பல்லின் கீழே தெரியும் கறுப்பைச் சிகிச்சை செய்யப் புறப்படக் கூடாது.

பிளாஸ்ரிக் மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெளிவடிவத்துக்கு அது போதும். ஆனால் அத்தகைய பெரும்பாலானவற்றில் உள்ளே கால்வாய் இராது, நாக்குப்புறத் தகடு எவ்வளவு மெல்லியது என்பதும் தெரியாது. கல்லூரி திறந்ததும் குறுக்காக அறுக்கப்பட்ட உண்மையான என்பு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஞானப்பல்லின் அருகே கால்வாய் நாக்குப்புறத் தகட்டை ஒட்டியிருப்பதையும், முன்னே வரவரக் கன்னப்புறம் நோக்கி விலகி மென்டல் போரமெனில் வெளிவருவதையும் அதில் பாருங்கள். அந்த நரம்பு நேராக வெளியே வராமல் பலரில் துவாரத்துக்குச் சற்று முன்னே சென்று வளைந்து திரும்பி வருகிறது என்பதையும் அப்போது ஆசிரியரிடம் கேளுங்கள். செயற்கைப் பல்வேர் பதிப்பவர்கள் துவாரத்தின் முன்னேயும் இடைவெளி விட்டே துளையிடுவதற்குக் காரணம் அந்த வளைவு.